மரத்தில் பிசிறில்லாமல் துளை போட: எந்த வேலைக்கு எந்த பிட்?

மரத்தில் துளை போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, பிட்டை மாட்டி பட்டனை அழுத்தினால் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும். புத்தக அலமாரி ஒன்றுக்கு, தட்டுகளை வேண்டிய உயரத்தில் மாற்றி வைக்க வசதியாகப் பக்கப் பலகைகளில் வரிசையாக 5 மி.மீ. துளைகள் போட உட்கார்ந்தேன். நல்ல வெனீர், அதாவது மெல்லிய மரத்தோல், ஒட்டிய ப்ளைவுட். கையில் இருந்ததோ இரும்புக்குப் போடுகிற சாதாரண பிட். நாற்பது துளை போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெனீர் எலி கடித்த மாதிரி பிய்ந்து நிற்கிறது. வரிசையும் கோணல்மாணல், பென்சிலால் குறித்த புள்ளியில் சரியாக விழுந்தது பத்துகூட இருக்காது. மெஷினைக் குறை சொல்லிப் பார்த்தேன், ப்ளைவுட்டைக் குறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி மெஷினின் மூக்கில் மாட்டியிருந்த அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான்.

மரம் என்பது ஒரு நார்க்கட்டு. ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியை இறுக்கிக் கட்டி, அதன் பக்கவாட்டில் ஓட்டை போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரவேண்டிய இடத்தில் முதலில் கத்தியால் வட்டமாகக் கீறிவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்தால் ஓரம் சுத்தமாக நிற்கும். கீறாமல் நடுவிலிருந்து தோண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்தால், நார் அறுபடுவதற்குள் இழுபட்டு, விளிம்பைத் தாண்டியும் உரிந்துகொண்டு வரும். அதனால் எந்த பிட்டைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதில் மரத்தை முதலில் தொடுவது ஓரமா, நடுவா? இதை வைத்தே பாதி பிட்களைத் தரம் பிரித்துவிடலாம்.

சாதாரண முறுக்கு பிட்

எல்லார் வீட்டுப் பெட்டியிலும் கிடப்பது இதுதான். ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1863-இல் காப்புரிமை வாங்கிய வடிவம். அடிப்படையில் இன்றும் அதேதான். நுனி கூம்பாக இருக்கும், பெரும்பாலும் 118 டிகிரி. இரும்பு, அலுமினியம் என்று உலோகத்துக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாது. ஏனென்றால் உலோகத்துக்கு நார் இல்லை, எந்தப் பக்கமிருந்து வெட்டினாலும் ஒன்றுதான்.

மரத்தில் இதற்கு இரண்டு கோளாறு. ஒன்று, நுனியின் நட்டநடுவில் ஒரு சின்னத் தட்டையான கோடு இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அது வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கி, மரத்தின் ரேகையில் மெத்தென்ற பகுதி எங்கே இருக்கிறதோ அங்கே போய் விழும். என் அலமாரித் துளைகள் கோணியதற்குக் காரணம் இதுதான். இரண்டு, கூம்பு என்பதால் நடு முதலில் இறங்கி, ஓரம் கடைசியில்தான் வந்து சேர்கிறது. மேலே சொன்ன உரிதல் அதனால்தான் நடக்கிறது. அடிப்பக்கம் வெளியே வரும்போது இன்னும் மோசம்: கூம்பு ஆப்பு மாதிரி கடைசி அடுக்கைத் தள்ளிப் பிளந்துகொண்டு வரும்.

ஆனாலும் தூக்கிப்போட வேண்டாம். ஸ்க்ரூவுக்கு முன்துளை போட இதுவே போதும், எப்படியும் ஸ்க்ரூத் தலை மறைத்துவிடும். இருக்கிற துளையைக் கொஞ்சம் பெரிதாக்கவும் இதுதான் வேண்டும், கீழே சொல்லப்போகிற நடுமுனை வைத்த பிட்களுக்கு அங்கே முனை பிடிக்க மரம் இருக்காது. பழைய பலகையில் உள்ளே ஆணி இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலும் இதையே மாட்டுங்கள். நல்ல மரவேலை பிட் ஒரு ஆணியில் முட்டினால் அதன் கதை முடிந்தது.

முன்துளை என்றதும் அளவு கேட்பார்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மெத்தான மரத்தில் 2.5 மி.மீ., கடின மரத்தில் 3 மி.மீ. சரியாக இருக்கும். அளவு தெரியாத ஸ்க்ரூ என்றால், அதன் முன்னால் பிட்டைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஸ்க்ரூவின் தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைந்து, மரை மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் அளவு.

பிராட் பாயின்ட்: ஒன்று மட்டும் வாங்குவதென்றால் இது

உடம்பு முறுக்கு பிட் மாதிரியே இருக்கும், நுனிதான் வேறு. நடுவில் ஒரு கூரான ஊசி, இரண்டு ஓரத்திலும் கத்தி மாதிரி இரண்டு மூக்கு. ஊசி முதலில் மரத்தில் குத்தி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் வழுக்காது. அடுத்து ஓர மூக்குகள் வட்டமாக நாரை அறுக்கும். அப்புறம்தான் உள்ளே இருக்கிற வெட்டு முனை இறங்கி மரத்தைச் சீவி எடுக்கும். கீறு, பிறகு தோண்டு என்ற வரிசை இதில் தானாகவே நடந்துவிடுகிறது. 3 முதல் 12 மி.மீ. வரையிலான துளைகளுக்கு, அதிலும் மர முளை வைத்து இணைக்கிற 6, 8, 10 மி.மீ. துளைகளுக்கு, இதை விட்டால் வேறு யோசிக்கவே வேண்டாம்.

வாங்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. மலிவான செட்களில் நடு ஊசி இருக்கும், ஓர மூக்கு பெயருக்கு இருக்கும். சாய்வாக அரைத்து விட்டிருப்பார்கள், வெட்டு முனையைவிட அது முன்னால் நீட்டிக்கொண்டே இருக்காது. பார்க்க மூன்று முனை தெரியும், வேலை என்னவோ சாதாரண பிட் வேலைதான். பிட்டைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: ஊசி எல்லாவற்றையும்விட நீளமாகவும், ஓர மூக்குகள் அதற்கு அடுத்தும், வெட்டு முனை கடைசியிலும் இருக்க வேண்டும். இரண்டு மூக்கும் ஒரே உயரமா என்பதையும் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொரு தந்திரம், இது எனக்கு வெகுநாள் தெரியாது. வெனீர் அல்லது மைக்கா ஒட்டிய பலகை என்றால், பிட்டைக் குறித்த இடத்தில் வைத்து, முதலில் மெஷினை ரிவர்ஸில் போட்டு மெதுவாக நாலைந்து சுற்று விடுங்கள். வெட்டு முனை மரத்தைத் தூக்காது, ஓர மூக்கு மட்டும் மேல்தோலில் வட்டமாகக் கீறிவிடும். அப்புறம் நேராகச் சுற்றவிட்டுத் துளையுங்கள். விளிம்பு பிளேடால் வெட்டினது போல இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது நாரின் நுனிகள் தெரிகிற பக்கத்தில் துளைக்கும்போது ஓர மூக்குக்குப் பெரிய வேலையில்லை, ஏனென்றால் அங்கே நார் துளையின் போக்கிலேயே நிற்கிறது, குறுக்கே அறுக்க எதுவும் இல்லை. அங்கே ஊசியும் சில சமயம் கடினமான ரேகையில் பட்டு நழுவும். அந்த முகத்தில் நான் சாதாரண முறுக்கு பிட்டையே போடுகிறேன், குத்தூசியால் ஆழமாக ஒரு குழி குத்திவிட்டு.

ஸ்பேட் பிட்

தட்டையான இரும்பை மண்வெட்டி மாதிரி அடித்து, நடுவில் நீளமாக ஒரு முனை விட்டது. வேகமாக இறங்கும். துளையின் உள்சுவர் கரடுமுரடாக இருக்கும். ஒயர் கொண்டுபோகச் சட்டத்தில் ஓட்டை, பைப் நுழைக்க ஓட்டை என்று யாரும் பார்க்காத இடத்துக்குச் சரி. ஓரத்தில் சின்ன மூக்கு வைத்த ரகமும் உண்டு, வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். நல்ல வேகத்தில்தான் இது ஒழுங்காக வெட்டும், ஆனால் நடுமுனை மரத்தில் பதிந்து ஓரம் முழுக்கத் தொடும்வரை மெதுவாகப் போங்கள். வேகத்தோடு கொண்டுபோய் வைத்தால் குதிக்கும். சாய்வாகத் துளைக்க இது உதவாது.

ஆகர்

நுனியில் ஸ்க்ரூ மாதிரி மரை இருக்கும். அது தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், நாம் அழுத்தவே வேண்டாம். கைத்துரப்பணக் காலத்து வடிவம் இது. தடித்த உத்திரத்தில், கட்டில் காலில், 15-20 செ.மீ. ஆழத்துக்குத் துளை போடவேண்டும் என்றால் ஆகர்தான். அகலமான முறுக்கு என்பதால் சீவல் அடைக்காமல் வெளியே வந்துகொண்டிருக்கும். நுழைகிற பக்கம் ஓர மூக்கு கீறுவதால் விளிம்பும் சுத்தம்.

எச்சரிக்கை இரண்டு. மெஷினைக் குறைந்த கியரில் வையுங்கள், பக்கக் கைப்பிடி இருந்தால் மாட்டுங்கள். கணுவில் மாட்டிக்கொண்டால் பிட் நின்றுவிடும், மெஷின் நிற்காது, சுற்றுவது உங்கள் மணிக்கட்டாக இருக்கும். இரண்டாவது, மேசையில் நிற்கிற டிரில் பிரஸ்ஸில் ஆகரை அப்படியே போடாதீர்கள். நாம் இறக்குகிற வேகம் ஒன்று, அந்த ஸ்க்ரூ இழுக்கிற வேகம் வேறு, இரண்டும் சண்டை போட்டுப் பலகையையே தூக்கிவிடும். அப்படிப் போட்டே தீரவேண்டும் என்றால் நுனி மரையை அரத்தால் ராவி மொட்டை முனையாக்கிவிட்டுப் போடலாம்.

ஃபோர்ஸ்ட்னர்

எனக்குப் பிடித்த பிட் இது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்பவர் 1874-இல் காப்புரிமை பெற்றது. மற்ற எல்லா பிட்டும் நடுமுனையை நம்பி நேராகப் போகிறது. இது தன் ஓர வளையத்தை நம்பிப் போகிறது. வட்டமான கத்தி விளிம்பு மரத்தில் பதிந்ததும், அதுவே பாதையாகிவிடும். நடுவில் இருக்கிற சின்ன முனை, குறித்த புள்ளியில் வைப்பதற்கு மட்டும்தான்.

இதனால் மற்ற பிட்களுக்கு முடியாத காரியங்கள் நடக்கும். பலகையின் ஓரத்தில் அரைவட்டமாகத் துளை போடலாம், பாதி பிட் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தாலும் சரி. ஒன்றின் மேல் ஒன்று விழுகிற மாதிரி அடுத்தடுத்துத் துளை போட்டு நீளமான குழி எடுக்கலாம், மிச்சத்தை உளியால் செதுக்கி நேராக்கிவிடலாம். சாய்வாகத் துளைக்கலாம். துளையின் அடி தட்டையாக இருக்கும், நடுவில் ஊசிக் குழி ஒன்று மட்டும். அலமாரிக் கதவின் கிண்ணக் கீல் உட்கார்கிற 35 மி.மீ. குழிக்கு எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்.

அந்தக் கீல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கீலுக்குக் கதவு ஓரத்திலிருந்து கிண்ணத்தின் விளிம்பு வரை 5 மி.மீ. விடுவார்கள். கிண்ணத்தின் பாதி 17.5. ஆக, ஓரத்திலிருந்து மையம் 22.5 மி.மீ. ஆழம் 12-13. இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: 16 மி.மீ. பலகையில் 13 மி.மீ. இறக்கினால் அடியில் மிச்சம் 3 மி.மீ.தான், பிட்டின் நடுமுனை அந்த அளவுக்கு நீளமாக இருந்தால் கதவின் முகப்பில் எட்டிப் பார்த்துவிடும். முதலில் துண்டுப் பலகையில் ஒரு குழி போட்டு, முனை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். நீளமாக இருந்தால் அரத்தால் கொஞ்சம் ராவிக் குட்டையாக்கலாம்.

இதன் பெரிய எதிரி சூடு. வளையம் முழுக்க மரத்தோடு உரசிக்கொண்டே சுற்றுகிறது, சீவல் வெளியே வர முறுக்கும் கிடையாது. கடின மரத்தில் ஒரே மூச்சாக இறக்கினால் புகை வரும், துளை கருகும், பிட்டின் விளிம்பு நீலமாகும். சாதாரண கார்பன் எஃகு நீலம் பூத்துவிட்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. ஹை ஸ்பீட் ஸ்டீல் கூடுதல் சூடு தாங்கும். எதுவாக இருந்தாலும் நாலைந்து மி.மீ. இறக்கினதும் வெளியே எடுத்துச் சீவலை ஊதிவிட்டு மறுபடி இறக்குவது நல்லது. 30 மி.மீ.க்கு மேல் போனால் ஓரம் வாள் பல் மாதிரி வெட்டிய ரகத்தைப் பாருங்கள், சூடு குறைவு. விளிம்பு வழவழப்பில் முழு வளையம் ஒரு மாற்று கூடுதல்தான், ஆனால் கருகின வழவழப்பு யாருக்கு வேண்டும்? ப்ளைவுட், எம்.டி.எஃப். (மர நார்த்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) என்றே வேலை செய்கிறவர்கள், எஃகைவிடக் கடினமான கார்பைடு முனை வைத்தது வாங்கலாம். அந்தப் பலகைகளில் இருக்கிற பசை சாதாரண எஃகை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கிலும் இயற்கையாகவே மணல் சத்து உண்டு, அதுவும் கூரைத் தின்னும்.

கையில் பிடிக்கிற மெஷினில் 25 மி.மீ. வரை தைரியமாகப் போடலாம். அதற்கு மேலே டிரில் பிரஸ் இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் பலகையை நன்றாகக் கிளாம்ப் போட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

50 மி.மீ.க்கு மேல் வட்டமாக வெட்ட ஹோல் சா. பல் வைத்த கிண்ணம், நடுவில் வழிகாட்டும் ஒரு பிட். தூள் வெளியே போக வழியில்லாமல் திணறும், கருகும். இதற்கு ஒரு வழி: முதலில் பல் லேசாகப் பதியும்வரை சுற்றி வட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வட்டக் கோட்டின் மேலேயே, உள்பக்கம் தள்ளி, 8 அல்லது 10 மி.மீ. துளை ஒன்றிரண்டு போடுங்கள். வெளிக்கோட்டைத் தாண்டக் கூடாது. இனி வெட்டும்போது தூள் அந்தத் துளை வழியாகக் கீழே கொட்டிவிடும், வேலை பாதி நேரத்தில் முடியும்.

ஸ்க்ரூத் தலை பலகையோடு மட்டமாக உட்காரக் கவுண்டர்சிங்க். மி.மீ. அளவு ஸ்க்ரூவின் தலை 90 டிகிரி, அங்குல அளவு ஸ்க்ரூவின் தலை பெரும்பாலும் 82 டிகிரி; பிட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பல வெட்டு முனை வைத்தவை சில சமயம் துடித்துத் துடித்துப் பூப் போட்ட மாதிரி குழி விடும். கூம்பில் சாய்வாக ஒரே ஓட்டை போட்டிருக்கிற ரகம் அப்படிச் செய்வதில்லை, எனக்கு அதுதான் வழக்கம்.

கல், சுவருக்குப் போடுகிற பிட்டை மரத்தில் போடவே போடாதீர்கள். அதன் நுனி நொறுக்குவதற்கு, வெட்டுவதற்கு இல்லை. தெரியாமல் மாட்டிவிட்டு "மெஷினுக்கு பவர் இல்லை" என்று திட்டிக்கொண்டிருந்தவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

துளை போடும்போது

நல்ல பிட் இருந்தும் அடிப்பக்கம் பிய்கிறது என்பார்கள். மேல்பக்கத்தில் ஒவ்வொரு நாருக்கும் கீழே மரம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அடிப்பக்கத்தின் கடைசி அடுக்குக்கு முட்டு யாரும் இல்லை, பிட் தள்ளுகிற தள்ளலில் வெட்டுப்படாமலேயே பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. முட்டு இல்லையென்றால் நாம்தான் கொடுக்க வேண்டும். கீழே ஒரு வேண்டாத பலகைத் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்து இடைவெளியே இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கித் துளைத்தால், கடைசி அடுக்கு போக இடமில்லாமல் வெட்டுப்பட்டே ஆகவேண்டும். சும்மா கீழே வைத்தால் போதாது, இறுக்கம் முக்கியம். ஏற்கெனவே துளை விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்தால் முட்டு கொடுத்த பலன் கிடையாது, ஒவ்வொரு துளைக்கும் துண்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அடியில் பலகை வைக்க முடியாத இடம் என்றால், நடுமுனை மறுபக்கம் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பி அந்த ஊசித் துளையில் முனையை வைத்து மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். பிராட் பாயின்ட், ஸ்பேட், ஃபோர்ஸ்ட்னர், ஆகர் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். முறுக்கு பிட்டில் நீளமான நடுமுனை கிடையாது, அதனால் முடியாது. காகித டேப் ஒட்டித் துளைப்பதும் ஓரளவு உதவும், மைக்காவில் நன்றாகவே உதவும்; ஆனால் டேப்பை உரிக்கும்போது அவசரப்பட்டு மேலே தூக்கி இழுத்தால், பிட் விட்டுவைத்த வெனீரை டேப் பிய்த்துவிடும். துளையை நோக்கிப் படுக்கையாக உரியுங்கள்.

இடத்தைக் குறிக்கப் பென்சில் சிலுவை மட்டும் போதாது, அதன் நடுவில் குத்தூசியால் ஒரு புள்ளி குத்துங்கள். பிட் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இரண்டு பக்கமும் பாருங்கள். ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றி ஒரு வால் விட்டுவிட்டால் போதும். வால் பலகையில் இருக்கிற தூளைப் பெருக்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள்.

வேகம் பற்றி ஒரே வரியில்: சின்ன பிட் வேகமாக, பெரிய பிட் மெதுவாக. காரணம் எளிது. ஒரே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் ஓரம் 5 மி.மீ. பிட்டின் ஓரத்தைவிடப் பத்து மடங்கு தூரம் ஓடுகிறது, உரசலும் அந்தக் கணக்குதான். 3 முதல் 6 மி.மீ. வரை நிமிடத்துக்கு 2000-3000 சுற்று, 10 மி.மீ.க்கு 1500 போல, ஃபோர்ஸ்ட்னர் 25 மி.மீ.க்கு 700-800, 35-க்கு 500, 50-க்கு 300 என்று நான் வைத்துக்கொள்கிறேன். கடின மரம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைவு. கையில் பிடிக்கிற பேட்டரி மெஷினில் கியர் 1 என்றால் பெரிய பிட், கியர் 2 என்றால் சின்ன பிட் என்று ஞாபகம் வைத்தால் போதும். இறக்குகிற வேகம் தனி விஷயம்: நடுவில் நன்றாக அழுத்தலாம், கடைசி 2-3 மி.மீ. வரும்போது கையைத் தளர்த்திவிடுங்கள். அழுத்தாமல் ஒரே இடத்தில் சுற்றவிட்டுக்கொண்டிருப்பதும் தப்பு, அது வெட்டாமல் தேய்த்துக் கருக்கிவிடும்.

எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில், அதாவது தடிமன் தெரிகிற பக்கத்தில், ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் முன்துளை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். அடுக்கடுக்காகப் பிளந்து உப்பிக்கொள்ளும். விளிம்பின் இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டுவிட்டுத் துளைப்பது இன்னும் பத்திரம்.

இன்னொன்று, இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. போல்ட்டின் தலை உள்ளே பதிய மேலே 20 மி.மீ. குழி, அதற்குக் கீழே போல்ட் போக 8 மி.மீ. துளை வேண்டும். எதை முதலில் போடுவீர்கள்? கை தானாகச் சின்னதைத்தான் முதலில் போடும். போட்டுவிட்டால் பெரிய பிட்டின் நடுமுனைக்குப் பிடிக்க மரமே இருக்காது, பிட் அலைபாய்ந்து பலகையைக் குதறிவிடும். பெரிய குழி முதலில். அதன் அடியில் விழுந்திருக்கும் ஊசிக் குழியே சின்ன பிட்டுக்கு மையம் காட்டும்.

கூர் பார்த்துக்கொள்வது

மழுங்கிய நல்ல பிட்டைவிடக் கூரான மலிவு பிட் மேல். சீவல் சுருளாக வந்தால் கூர் இருக்கிறது, மாவாகக் கொட்டினால் போய்விட்டது (எம்.டி.எஃப்.பில் எப்போதும் மாவுதான், அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள்). சாணை பிடிக்கும் முன் பிட்டைத் துடைத்துப் பாருங்கள், மரப்பிசின் ஏறிக் கறுத்திருப்பதே பாதி நேரம் காரணம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

ஸ்பேடை யார் வேண்டுமானாலும் தட்டை அரத்தால் தீட்டிவிடலாம், இருந்த சாய்வை மாற்றாமல் ராவினால் சரி. ஆகர், ஃபோர்ஸ்ட்னர் இரண்டுக்கும் விதி ஒன்று: ஓர மூக்கையும் வளையத்தையும் உள்பக்கமாக மட்டும் தீட்டுங்கள். வெளிப்பக்கத்தில் அரம் பட்டால் வெட்டுகிற வட்டம் சிறிதாகி, பின்னால் வருகிற உடம்பு துளையில் இறுகிக்கொள்ளும். பிராட் பாயின்ட்டின் மூக்கு ரொம்பச் சின்னது. ஊசி அரம், பொறுமை, நல்ல கண்ணாடி மூன்றும் வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, அடிக்கடி போடுகிற அளவுகளில் இரண்டு வாங்கி வைத்துவிடுகிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஐம்பது பிட் அடுக்கிய பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் நாற்பது கடைசிவரை பெட்டியிலேயே பளபளவென்று இருக்கும். நல்ல பிராட் பாயின்ட் 3, 4, 5, 6, 8, 10, ஃபோர்ஸ்ட்னர் 15, 20, 25, 35, ஒரு கவுண்டர்சிங்க், முன்துளைக்கு 2.5, 3 முறுக்கு பிட் மூன்று நான்கு, ஏனென்றால் அவை உடையும். ஸ்பேடும் ஆகரும் வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

என் அலமாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால்: தட்டு தாங்குகிற ஊசிகளுக்குப் போடும் விளிம்பு வைத்த பித்தளைக் குழாய்கள் உண்டு, அவற்றை வாங்கினேன். அதற்குத் துளையை 5-லிருந்து 8 மி.மீ. ஆக்க வேண்டும், நடுவில் மரம் இல்லாததால் பிராட் பாயின்ட் நிற்காது. அதனால் ஒரு கட்டையில் டிரில் பிரஸ்ஸில் சுத்தமாக 8 மி.மீ. துளை போட்டு, அதை ஒவ்வொரு துளையின் மேலும் கிளாம்ப் போட்டு, அந்தத் துளையையே வழியாக வைத்து பிட்டை இறக்கினேன். நாற்பது தடவை. பிசிறெல்லாம் பித்தளை விளிம்புக்கு அடியில் மறைந்துவிட்டது. கோணல் மறையவில்லை, மூன்றாவது தட்டின் ஒரு மூலைக்கு அடியில் இன்னமும் மடித்த அட்டை ஒன்று இருக்கிறது.